கேட்பவர் இல்லாத கோள்

(மலேசியாவின் கோப்பெங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

ஒரு பல்கலைக்கழகம் சிறு செயற்கைக்கோள் ஒன்றைச் செய்து விண்ணில் விட்டால் மறுநாள் நாளிதழில் செய்தி எப்படி வரும் என்பது நமக்குத் தெரியும். எடை எத்தனை கிலோ, எந்த ராக்கெட்டில் போனது, நாட்டுக்கு இது எத்தனையாவது கோள், அமைச்சர் என்ன சொன்னார். அத்தோடு சரி. மேலே போன கோள் பேசியதா, பேசியதை யார் கேட்டார்கள், கேட்டவர்கள் என்ன தெரிந்துகொண்டார்கள் என்று பிறகு யாரும் விசாரிப்பதில்லை. இன்று நான் முன்வைக்கும் வாதம் இந்த விசாரணையைப் பற்றியதுதான். உரிமம் பெற்ற ஆர்வலர்களுக்கான அமெச்சூர் வானொலி அலைவரிசையில் இயங்கும் பல்கலைக்கழகக் கோளின் மதிப்பைத் தரையில்தான் அளக்க வேண்டும் என்கிறேன். எத்தனை பேர் கேட்டார்கள், கேட்டதை என்ன செய்தார்கள் என்பதே அளவுகோல். இதை ஒப்புக்கொண்டால் இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். ஷா ஆலாமிலும் சென்னையிலும் உள்ள பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்களுக்கு அந்தக் கோளின்மேல் எவ்வளவு பாத்தியதை உண்டோ, அதைக் கேட்கும் கோப்பெங் பள்ளிக்கூடத்துக்கும் அதில் பங்கு உண்டு.

இதற்கான ஆதாரம் விதிமுறையிலேயே இருக்கிறது. அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வானொலி விதிமுறைகள் அமெச்சூர் சேவைக்கு மூன்று நோக்கங்களை வகுத்திருக்கின்றன: தானே பயில்வது, ஒருவரோடு ஒருவர் தொடர்புகொள்வது, தொழில்நுட்பத்தை ஆராய்வது. பண ஆதாயம் கூடாது. நாடு விட்டு நாடு போகும் அமெச்சூர் செய்தியைப் பொருள் மறையும்படி சங்கேதமாக்கக் கூடாது. தரையிலிருந்து கோளை இயக்கும் கட்டளைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. இந்த நிபந்தனைகளோடுதான் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையிலும், கோள்களுக்கென 435 முதல் 438 வரையிலும் அமெச்சூர்களுக்கு இடம் கிடைத்திருக்கிறது. வணிகக் கோளுக்கு அலைவரிசை வாங்குவது காசும் காலமும் கேட்கிற வேலை. அமெச்சூர் அலைவரிசையிலோ, உலக அமெச்சூர் வானொலி ஒன்றியத்தின் தன்னார்வலர்கள் விண்ணப்பத்தைப் பார்த்து, வேறு கோளோடு மோதாத இடத்தைக் கட்டணம் வாங்காமல் ஒதுக்கித் தருகிறார்கள். பல்கலைக்கழகங்கள் இந்தப் பக்கம் வருவதற்கு இதுவே பெரிய காரணம். வரட்டும், தவறில்லை. ஆனால் பொதுச்சொத்தில் இடம் வாங்கியவர் பொதுமக்களுக்குக் கடன்பட்டவர். கோள் அனுப்பும் எண்களை எப்படிப் பிரித்துப் படிப்பது என்று வெளியிட வேண்டும். அமெச்சூர்களுக்குப் பயன்படும் கருவி ஒன்றையாவது ஏற்றிச் செல்ல வேண்டும். இலவச இடம் என்று வந்து ஒண்டிக்கொண்டு, திருப்பி எதுவும் தராமல் போன கோள்களும் உண்டு என்பது அமெச்சூர்களின் நெடுநாள் மனக்குறை. அது நியாயமான குறை என்றே நினைக்கிறேன்.

இந்தத் துறையின் தொடக்கமே கேட்பவர்களை நம்பித்தான் அமைந்தது. 1961 டிசம்பர் 12ஆம் நாள் கலிபோர்னியாவின் வாண்டன்பர்க் ஏவுதளத்திலிருந்து அமெரிக்க விமானப்படையின் ராக்கெட்டில் தொற்றிக்கொண்டு போனது முதல் அமெச்சூர் கோளான ஆஸ்கார்-1. எடை சுமார் 4.5 கிலோ. ஒரு வாட்டில் ஏழில் ஒரு பங்கு ஆற்றலில் அது மோர்ஸ் குறியில் 'ஹை' (HI) என்ற இரண்டெழுத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. விஷயம் அந்த எழுத்துகளில் இல்லை, அவை வரும் வேகத்தில் இருந்தது. கோளின் உள்வெப்பம் மாறினால் குறி ஒலிக்கும் வேகமும் மாறும்படி அமைத்திருந்தார்கள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எண்ணியவருக்கு, விண்ணில் சுற்றும் பெட்டிக்குள் எவ்வளவு சூடு என்பது தெரிந்துவிடும். 22 நாள் அது சுற்றியது. 28 நாடுகளிலிருந்து 570க்கும் மேற்பட்டவர்கள் கேட்டதை எழுதி அனுப்பினார்கள். உலகெங்கும் அத்தனை நிலையங்களைச் சொந்தக் காசில் அமைக்க எந்த அமெச்சூர் குழுவால் முடியும்? கோளைச் செய்தவர்கள் ஒரு சிலர். அதன் வெப்பநிலை வரலாற்றை எழுதியவர்கள் அந்த 570 பேர்.

பல்கலைக்கழகங்கள் பிறகுதான் வந்தன. இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் ஸ்வீட்டிங்கின் குழு செய்த யூஓசாட்-1, 1981 அக்டோபரில் விண்ணுக்குப் போனது. அந்தச் சர்ரே வழியில் வந்ததுதான் நம் நாட்டின் முதல் நுண்கோள். தியோங்சாட்-1 என்று பெயர். தியோங் என்றால் மைனா. சர்ரேயில் மலேசியப் பொறியாளர்களும் சேர்ந்து உருவாக்கிய அந்த 50 கிலோ கோள், 2000 செப்டம்பர் 26ஆம் நாள் கசகஸ்தானின் பைக்கானூரிலிருந்து புறப்பட்டது. படக்கருவியோடு அமெச்சூர்களுக்கான கருவியும் அதில் இருந்ததால், உலக அமெச்சூர் கோள்களின் வரிசையில் மலேசியா-ஆஸ்கார்-46 என்று அதற்கு இடம் கிடைத்தது. பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தைப் பற்றிக் கேட்டால் நம் பிள்ளைகள் உடனே சொல்வார்கள். ஆஸ்கார் வரிசையில் மலேசியாவின் பெயர் இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

தமிழ்நாட்டுக் கதை என் வாதத்துக்கு இன்னும் நெருக்கமானது. அண்ணா பல்கலைக்கழகம் இஸ்ரோவின் துணையோடு செய்த அனுசாட், இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று உருவாக்கிய முதல் கோள். 40 கிலோ எடை. 2009 ஏப்ரல் 20ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-12 ராக்கெட்டில் ரிசாட்-2 கோளோடு சேர்ந்து போனது. 2012 ஏப்ரலில் காற்றுமண்டலத்தில் நுழைந்து அழிந்தது. செய்தியைச் சேமித்து வைத்துப் பின்னர் அனுப்புவது அதன் முக்கிய வேலை. தபால்காரர் ஒரு தெருவில் கடிதத்தை வாங்கி மறு தெருவில் கொடுப்பதுபோல, ஓர் ஊரின்மேல் போகும்போது செய்தியை வாங்கி, வேறோர் ஊரின்மேல் வரும்போது இறக்கிவிடும். அனுசாட் போவதற்கு நான்கு ஆண்டுகள் முன்னதாக, 2005 மே 5ஆம் நாள், இஸ்ரோ ஹாம்சாட் என்ற 42.5 கிலோ கோளை அனுப்பியிருந்தது. பல்கலைக்கழகத்தின் பெயர் அதில் இல்லை. ஆனால் அதிலிருந்த, வாங்கிய குறியைத் திருப்பி அனுப்பும் இரண்டு டிரான்ஸ்பாண்டர்களில் ஒன்று இந்தியாவில் செய்தது. மற்றொன்றைச் செய்தவர் நெதர்லாந்தில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த ஓர் அமெச்சூர். அனுசாட்டும் ஹாம்சாட்டும் ஏறக்குறைய ஒரே அளவுக் கோள்கள். அனுசாட்டைக் கட்டியதில் மாணவர்களும் ஆசிரியர்களும் பெற்ற பயிற்சியைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். தமிழ்நாட்டுக் கல்லூரிகளிலிருந்து பின்னால் வந்த எஸ்.ஆர்.எம்.சாட், சத்தியபாமாசாட், நியூசாட் முதலியவற்றுக்கு அது வழிகாட்டி. ஆனாலும் உலகெங்கும் உள்ள அமெச்சூர்கள் பெயர் சொல்லி நினைவுகூர்வது ஹாம்சாட்டைத்தான். 2014 ஜூலையில் மின்கலம் செயலிழக்கும் வரை, ஒன்பது ஆண்டுகள், உரிமம் பெற்ற எவரும் யாரிடமும் அனுமதி கேட்காமல் அதன் வழியே பேச முடிந்தது. ஒரு கோள் தன்னைச் செய்த நிறுவனத்துக்குப் பெருமை தேடித்தந்தது. இன்னொன்று முகம் தெரியாதவர்களின் அன்றாடத்தில் கலந்தது. இரண்டில் எது அமெச்சூர் சேவையின் நோக்கத்துக்கு நெருங்கி நிற்கிறது என்பதை நீங்களே சொல்லலாம்.

இப்போது நம் நாட்டுப் பல்கலைக்கழகக் கோளுக்கு வருகிறேன். யூஐடிஎம்சாட்-1 என்பது ஷா ஆலாமில் உள்ள மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கோள். ஒவ்வொரு பக்கமும் 10 சென்டிமீட்டர் உள்ள கனசதுரம். ஸ்டான்போர்டின் பாப் டுவிக்ஸும் கால்பாலியின் ஜோர்டி புயிக்-சுவாரியும் 1999இல் வகுத்த கியூப்சாட் அளவு அது. ஜப்பானின் கியூஷு தொழில்நுட்பக் கழகம் நடத்தும் பேர்ட்ஸ் திட்டத்தின் இரண்டாம் சுற்றில், பூட்டானின் பூட்டான்-1, பிலிப்பீன்ஸின் மாயா-1 ஆகியவற்றோடு இதுவும் உருவானது. 2018 ஜூன் 29ஆம் நாள் அனைத்துலக விண்வெளி நிலையத்துக்குப் புறப்பட்டது. ஆகஸ்ட் 10ஆம் நாள் அங்குள்ள ஜப்பானியப் பகுதியிலிருந்து சுற்றுப்பாதையில் விடப்பட்டது. அமெச்சூர்களின் சிறு செய்திகளை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவி அதில் இருந்தது. அது எதிர்பார்த்தபடி வேலை செய்யவில்லை. தரையிலிருந்து போன செய்திகளை இந்தச் சுற்றுக் கோள்களால் சரிவரக் கேட்க முடியவில்லை. ஏன் என்று செய்தவர்களே ஆராய்ந்தார்கள். ஆன்டெனாவில் குறை இருந்தது. கோளின் சொந்த மின்சுற்றுகள் எழுப்பிய மின்காந்த இரைச்சல், கீழேயிருந்து போன மெல்லிய குரலை அமுக்கிவிட்டது. இந்த முடிவை அவர்கள் மறைக்காமல் ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்டார்கள். என் கணக்கில் அந்தக் கோள் தந்த மிகப் பெரிய விளைச்சல் இதுதான். அடுத்துக் கோள் செய்யும் எந்த மாணவரும், பெட்டிக்குள் எழும் இரைச்சலை முன்கூட்டியே அளக்க வேண்டும் என்று அதைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம். ஏவிய அன்று எடுத்த படங்களை வைத்து அப்படி எதையும் கற்றுக்கொள்ள முடியாது.

ஜப்பானில் செய்த கோளை மலேசியக் கோள் என்று எப்படிச் சொல்வது என்று கேட்பவர்கள் உண்டு. என் அளவுகோலில் அந்தக் கேள்வி பெரிதாக நிற்காது. இலங்கையின் ராவணா-1 கோளும் அதே திட்டத்தின் மூன்றாம் சுற்றில், அதே ஜப்பானிய வளாகத்தில் உருவானதுதான். எங்கே திருகாணி முடுக்கினார்கள் என்பது முக்கியமில்லை, எங்கெல்லாம் அதைக் கேட்டார்கள் என்றுதான் நான் கேட்கிறேன்.

இதைவிடக் கடினமான ஆட்சேபம் ஒன்று இந்த அவையிலேயே இருக்கும் என்று நினைக்கிறேன். யாரும் வாய்விட்டுக் கேட்காவிட்டாலும் நான் சொல்லிவிடுகிறேன். அந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டப்படிப்பில் மலாய்க்காரர் முதலான பூமிபுத்ரா மாணவர்களுக்குத்தானே இடம், தோட்டத்திலிருந்து வந்த நம் பிள்ளைகளுக்கு அந்தக் கதவு திறப்பதில்லையே, பிறகு அந்தக் கோள் நமக்கு என்ன சொந்தம்? இந்த வருத்தத்தில் உண்மை இருக்கிறது. அதை மழுப்பவோ, வானத்தைக் காட்டி ஆறுதல் சொல்லவோ எனக்கு மனமில்லை. வகுப்பறையில் ஓர் இடத்துக்கு, வானொலியில் ஒரு குறியொலி ஈடாகாது. ஆனால் அந்தக் கோள் நமக்கு இல்லை என்று முடிவு கட்டினால், இருக்கும் உரிமையையும் நாமே கைவிடுகிறோம். பல்கலைக்கழகத்தில் யார் சேரலாம் என்பதை அரசு தீர்மானிக்கிறது. அமெச்சூர் அலைவரிசையில் வரும் குறியை யார் படிக்கலாம் என்பதைத் தீர்மானிக்க எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் அதிகாரம் இல்லை. கோள் அனுப்பும் எண்களைக் கேட்டு எழுதி வைத்த பள்ளி, 'உங்கள் கோளின் மின்கல அழுத்தம் இந்த நாளில் இப்படி இறங்கியதே, ஏன்?' என்று எழுதிக் கேட்கலாம். பதில் சொல்லும் கடமை அந்தப் பக்கம் இருக்கிறது. கதவு அடைபட்டதைப் பற்றிப் பேசுவதும் அரசியல்தான், இப்படிக் கேட்பதும் அரசியல்தான். ஒன்றைச் செய்தால் மற்றதைச் செய்யக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே.

பணத்தைப் பற்றிய ஆட்சேபம் அடுத்தது. தமிழ்ப்பள்ளியில் கூரை ஒழுகும்போது கோள் எதற்கு என்பார்கள். கோள் செய்யச் சொன்னால் அந்தக் கேள்வி சரி. நான் சொல்வது கேட்பதை. இதற்கு நல்ல முன்னுதாரணம் பன்கியூப்-1. பிரிட்டன், நெதர்லாந்து அமெச்சூர்கள் பள்ளிப்பிள்ளைகளை மனத்தில் வைத்தே செய்த 10 சென்டிமீட்டர் கோள் அது. 2013 நவம்பர் 21ஆம் நாள் ரஷ்யாவின் யாஸ்னியிலிருந்து போனது. பள்ளி நடப்பது பகலில் என்பதால், வெயில் படும்போது 300 மில்லிவாட் ஆற்றலில் உரக்கப் பேசும்படியும், பூமியின் நிழலுக்குள் போனதும் பேச்சைக் குறைத்துக்கொண்டு அமெச்சூர்களின் உரையாடலைச் சுமக்கும்படியும் அதை அமைத்தார்கள். அதன் வெளிப்புறத்தில் கறுப்பாகவும் பளபளப்பாகவும் மேற்பூச்சு செய்த உலோகத் துண்டுகள் உண்டு. ஒவ்வொன்றின் வெப்பநிலையும் தனித்தனியே தரைக்கு வரும். கறுப்புப் பரப்பு வெப்பத்தை வேகமாக வாங்கும், வேகமாக விடும் என்று அறிவியல் பாடநூலில் ஒரு வரி இருக்கிறதே, அந்த வரியைப் பிள்ளைகள் தாங்களே வரைபடமாகப் போடலாம். கோள் நிழலுக்குள் நுழைந்ததும் எந்தக் கோடு சட்டென்று சரிகிறது, எது நிதானமாக இறங்குகிறது என்பது கண்முன்னே தெரியும். காற்றே இல்லாத இடத்தில் வெப்பம் எப்படிப் போகிறது என்ற கேள்வியை அதன் பிறகு ஆசிரியர் கேட்க வேண்டியதில்லை, பிள்ளைகளே கேட்பார்கள். இதற்குத் தேவையானவை கணினியில் செருகும் விரலளவு வானொலி வாங்கி ஒன்று, அலுமினியக் குழாயிலோ அளவுநாடாத் தகட்டிலோ செய்த ஆன்டெனா ஒன்று, இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள். ஒரு விளையாட்டுப் போட்டி நாளின் பந்தல் வாடகையில் இதெல்லாம் அடங்கிவிடும். பன்கியூபைக் கேட்ட ஒவ்வொருவரின் பதிவும் ஒரு பொதுக் களஞ்சியத்தில் சேர்ந்தது. செய்தவர்கள் தூங்கும் நேரத்தில் உலகின் மறுபக்கத்துப் பிள்ளைகள் அதன் நாட்குறிப்பை எழுதினார்கள்.

கைத்தொலைபேசி இருக்கும் காலத்தில் இது எதற்கு என்பவர்களுக்குச் சுருக்கமாகவே பதில் சொல்வேன். 2004 டிசம்பர் ஆழிப்பேரலையின்போது அந்தமானின் போர்ட் பிளேரில், வேறொரு வானொலி முயற்சிக்காகத் தற்செயலாக முகாமிட்டிருந்த இந்திய அமெச்சூர்கள் வழியாகத்தான் பல குடும்பங்களுக்குச் செய்தி போனது. அவர்கள் அதற்குக் கோளைப் பயன்படுத்தவில்லை. கருவியைக் கையாளத் தெரிந்த மனிதர்கள் அங்கே இருந்தார்கள் என்பதுதான் விஷயம்.

நேர் எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் ஆட்சேபத்தைத்தான் நான் கனமாக எடுத்துக்கொள்கிறேன். கேட்பது வெறும் பார்வையாளர் வேலை, செய்பவன்தான் பொறியாளன், நம் பிள்ளைகளைக் கேட்பவர்களாகவே நிறுத்திவிடப் பார்க்கிறீர்களா என்று கேட்கலாம். கேட்பது அவ்வளவு சோம்பலான வேலை என்று எனக்குத் தோன்றவில்லை. 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் கோள் நொடிக்கு ஏறத்தாழ 7.7 கிலோமீட்டர் ஓடுகிறது. 437 மெகாஹெர்ட்ஸில் அது பேசினால், நம்மை நோக்கி வரும்போது அலையெண் 10 கிலோஹெர்ட்ஸ் வரை கூடியும், விலகிப் போகும்போது அதே அளவு குறைந்தும் கேட்கும். பத்து நிமிடத்துக்குள் இந்தச் சரிவை அளந்து கோடு போட்டால், அந்தக் கோள் எந்தப் பாதையில் போகிறது என்பதைக் கணித்துவிடலாம். 2017 பிப்ரவரி 15ஆம் நாள் பி.எஸ்.எல்.வி. சி-37 ஒரே ராக்கெட்டில் 104 கோள்களை இறக்கியது. ஏறக்குறைய ஒரே அளவுப் பெட்டிகள் கூட்டமாகச் சுற்றும்போது எது யாருடையது என்று பிரித்தறிய இந்தச் சரிவுக் கோடு பெரிதும் உதவுகிறது. செய்தவர்களே தங்கள் கோளைத் தொலைத்துவிட்டு, அமெச்சூர்களின் பதிவுக்காகக் காத்திருப்பது இந்தத் துறையில் புதிதல்ல. ஆஸ்கார்-7 கதை இதைவிட வியப்பானது. 1974 நவம்பரில் போன அந்தக் கோள் 1981இல் மின்கலம் பழுதாகி ஊமையானது. எல்லாரும் கணக்கை முடித்துவிட்டார்கள். 2002 ஜூனில் இங்கிலாந்தில் ஓர் அமெச்சூர் அதன் குரலை மறுபடி கேட்டார். குறுக்குச்சுற்றாகிக் கிடந்த மின்கலத்தின் இணைப்பு முற்றாக அறுந்துபோனதால், வெயில் படும்போதெல்லாம் சூரியத் தகட்டின் மின்சாரம் நேராக வானொலிக்குப் போகத் தொடங்கியிருந்தது. அது எப்போது உயிர்த்தது என்று எவராலும் துல்லியமாகச் சொல்ல முடியாது. யாரும் காது கொடுக்காமல் இருந்திருந்தால், பேசிக்கொண்டிருந்த கோளை இறந்ததாகவே ஏட்டில் வைத்திருப்போம். மேலும், நல்ல கோள் செய்பவர்கள் எங்கிருந்து வருகிறார்கள்? யூஐடிஎம்சாட்டின் குறை எங்கே இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். கேட்பதில்தான் இருந்தது. இரைச்சலுக்கு நடுவே மெல்லிய குறியைத் தேடிப் பழகியவர், கோளைக் கட்டும்போது அந்த இடத்தில்தான் முதலில் கை வைப்பார்.

கடைசியாக, இந்த ஊருக்கு வருகிறேன். கோப்பெங் நிலநடுக்கோட்டுக்கு நாலரை பாகை வடக்கே இருக்கிறது. இது நமக்கு வாய்த்த வசதி. துருவம் வழியாகச் சுற்றும் கோள்கள் ஒரு நாளில் நம் பக்கம் சில தடவைதான் எட்டிப்பார்க்கும். இந்தோனேசியாவின் லாப்பான்-ஏ2 அப்படியில்லை. 2015 செப்டம்பர் 28ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்தே போன அந்தக் கோள், நிலநடுக்கோட்டிலிருந்து 6 பாகை மட்டுமே சாய்ந்த பாதையில், சுமார் 650 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. ஒரு நாளில் 14 தடவை இந்தோனேசியாவைக் கடக்கும்படி வகுத்த பாதை அது. அந்நாட்டு அமெச்சூர் சங்கமான ஓராரிக்கென்றே குரலை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவி அதில் உண்டு. லண்டனில் எவ்வளவு விலையுயர்ந்த ஆன்டெனா வைத்தாலும் அந்தக் கோள் அடிவானத்துக்கு மேலே வராது. இங்கே, ஈயச் சுரங்கக் குட்டை ஒன்றின் கரையில் நின்றாலே போதும். இப்படிப்பட்ட கோள்களைப் பொறுத்தவரை கேம்பிரிட்ஜைவிடக் கோப்பெங் நல்ல இடம். இந்தப் பேச்சில் எனக்கு மிகவும் பிடித்த உண்மை இதுதான் என்பதை ஒளிக்கவில்லை.

வசதியோடு ஒரு தடையும் இருக்கிறது. நமக்குக் கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர் நிற்கிறது. ஊரைச் சுற்றிச் சுண்ணாம்புக் குன்றுகள் வேறு. இந்தக் கோள்கள் மேற்கிலிருந்து கிழக்காகப் போவதால், மேற்கே கிந்தாச் சமவெளியின் பக்கம் தெளிவாக எழும் குறி, கிழக்கே மலை மறைவில் கணக்குக்கு முன்னதாகவே அறுந்துபோகும். ஆகவே முதல் வேலை, பள்ளித் திடலில் நின்று திசைகாட்டியும் பாகைமானியும் வைத்து ஒவ்வொரு திசையிலும் மலை எத்தனை பாகை உயரம் மறைக்கிறது என்று அட்டவணை போடுவது. ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளால் முடிந்த வேலை இது. அடுத்தது, பொறியியல் துறை உள்ள துங்கு அப்துல் ரகுமான் பல்கலைக்கழகம் பக்கத்துக் கம்பாரிலேயே இருப்பதால், ஆன்டெனா பொருத்திக் காட்ட அங்கிருந்து மாணவர் இருவரை வரவழைப்பது. கேட்பதோடு நிற்காமல் திருப்பிப் பேசவும் விரும்புகிறவர்கள் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் அமெச்சூர் தேர்வை எழுதித் தேறி, அழைப்புக்குறி வாங்க வேண்டும். அதற்கு ஆண்டுக்கு ஓர் ஆசிரியர் முன்வந்தாலும் போதும். ஆசிரியர்களுக்கு ஏற்கெனவே வேலைச்சுமை தாங்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அதனால் பொறுப்பைப் பள்ளி வாரியமோ முன்னாள் மாணவர்களோ எடுத்துக்கொள்வது நல்லது என்பேன். கேட்டதை எழுதி வைக்கும் பதிவேட்டில் நான்கு கட்டங்கள் போதும்: நாள், குறி எழுந்த நேரம், அறுந்த நேரம், கேட்டவர் பெயர். ஒரு தவணை முடிந்ததும் அந்த ஏட்டின் படியைக் கோளை இயக்குபவர்களுக்கு அனுப்பி வையுங்கள்.